கீசர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதற்கு முன்

மார்கழி பிறந்ததும் சென்னையில் வீட்டுக்கு வீடு கேட்கிற புகார் இது: "கீசர் போட்டுக் கால் மணி நேரம் ஆச்சு, தண்ணி சுடவே இல்லை." உடனே, வேண்டிய சூடு வந்ததும் காயிலுக்கு மின்சாரத்தைத் துண்டிக்கிற தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். நான் திறந்து பார்த்த கீசர்களில் பலவற்றில் தெர்மோஸ்டாட் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் ஒரு கணக்கு. 25 லிட்டர் கீசர், 2000 வாட் காயில் (தண்ணீரைச் சுடவைக்கும் பாகம்), உள்ளே போகிற தண்ணீர் 25 டிகிரி என்றால், 60 டிகிரிக்கு வர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். கால் மணி நேரத்தில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அது பழுதே அல்ல.

அரை மணி நேரம் தாண்டியும் சுடவில்லையா? அப்போதும் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள், பிளக்கைப் பாருங்கள். 2000 வாட் கீசர் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். சாக்கெட் தளர்ந்திருந்தால் அங்கேயே சூடேறிக் கருகும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக் காற்றில் டெர்மினல்கள் பச்சை பூத்துப் போவதும் உண்டு.

அடுத்த தவறு உயிரோடு விளையாடுவது. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு மூடியைக் கழற்றுகிறார்கள். சில பழைய வீடுகளில் சுவிட்சை, ஷாக் அடிக்கிற ஃபேஸ் வயரில் போடாமல் நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள். அணைத்தாலும் உள்ளே ஃபேஸ் இருக்கும். பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் இல்லாமல் நேராக வயர் கொடுத்திருந்தால் எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கிற பிரேக்கர் சுவிட்ச்) இறக்கி, டெர்மினலில் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கையை வையுங்கள். கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக அணைகிற சுவிட்ச்) விழுகிறது, குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றால் பெரும்பாலும் காயிலில் கசிவு இருக்கும். அதை நீங்கள் தொட வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் கிடைக்கிற சாதாரணமான ஒன்று போதும். வயர்களைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு காயிலின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். 2000 வாட் காயில் 26 ஓம்ஸுக்கு அருகில் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, தெர்மோஸ்டாட்டின் மேல் தப்பில்லை.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கும்போது நிறையப் பேர் ஏமாறுவது ஓரிடத்தில். டாங்கில் தண்ணீர் சூடாக இருக்கும்போதே மீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கிற முறையில் வைக்கிறார்கள், பீப் வரவில்லை என்றதும் தூக்கி எறிகிறார்கள். சூட்டில் இணைப்பைத் துண்டிப்பதுதானே அதன் வேலை! ஆறிய பிறகு கழற்றி மேசைமேல் வையுங்கள். மீட்டர் பீப் அடிக்க வேண்டும். திருகைக் குறைந்த சூட்டில் வைத்து, உயரமான பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றி, நீளமான தண்டை மட்டும் அதில் இறக்குங்கள். தலை நனையக் கூடாது. சற்று நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், பீப் நின்றுவிடும். வெளியே எடுத்து ஆறவிட்டால் மறுபடி 'டக்', பீப் திரும்பி வரும். வெளிக்குழாய் சூட்டில் நீள்கிறது, உள்ளே இருக்கிற இன்வார் (இரும்பு-நிக்கல் கலவை) கம்பி அவ்வளவாக நீள்வதில்லை. அந்த வித்தியாசம்தான் இணைப்பைப் பிரிக்கிறது. இரண்டு 'டக்'கும் கேட்டால் அந்தத் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டாம்.

சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற கட்-அவுட்டின் சிவப்புப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதும் தப்பு. ஒருமுறை அழுத்துங்கள், சரி. மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிப்போயிருக்கலாம், அல்லது போர் தண்ணீரின் உப்பு காயிலைச் சுற்றிப் பாறையாகப் படிந்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. வேளச்சேரியில் என் உறவினர் வீட்டுக் கீசரைத் திறந்தபோது, யாரோ ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் விட்டுவிட்டு வயரை நேராகக் காயிலுக்குக் கொடுத்திருந்தார். அதே வீட்டில் சேஃப்டி வால்வும் உப்பு அடைத்து இறுகிக் கிடந்தது. ஒருநாள் அணைக்க மறந்திருந்தால் தண்ணீர் கொதித்து, அழுத்தம் போக வழியில்லாமல் டாங்கே வெடித்திருக்கலாம். அந்தக் குளியலறையில் இரண்டு குழந்தைகள் தினமும் குளிக்கிறார்கள். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. "தற்காலிகமா டைரக்ட் கொடுத்திருக்கேன்" என்று யார் சொன்னாலும் அன்றே பிரிக்கச் சொல்லுங்கள்.

புதியது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். தண்டின் நீளமும் ஆம்பியரும் பொருந்த வேண்டும். மாட்டிய பின் டெர்மினல் திருகுகளை நன்றாக இறுக்குங்கள். டாங்கில் தண்ணீரை இறக்கியிருந்தால், சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வரும்வரை நிரப்புங்கள். அப்புறம்தான் சுவிட்ச்.