வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா உடனே புது பேட்டரி வாங்காதீங்க

போன மார்கழில ஏற்காடு ஏரி பக்கத்துல ஒரு தம்பி, காலைல கார் செல்ஃப் எடுக்கலன்னு பேட்டரி கடை நம்பர் தேடிட்டு இருந்தாப்ல. கிட்ட போய் பேட்டரி நெகட்டிவ் கிளாம்ப்ப (ஒயர பேட்டரியோட கவ்விப் புடிக்கிற பிடி) கைல புடிச்சு திருகுனேன், அது பாட்டுக்கு சுத்துது, அடியில வெள்ளை வெள்ளையா பூத்துக் கெடக்கு. சுரண்டி டைட் பண்ணதும் ஒரே சாவில ஸ்டார்ட். 1500 மீட்டர் உயரத்துல குளிருக்கு பேட்டரி கொஞ்சம் சோர்ந்துதான் இருக்கும், அதான் எல்லாருக்கும் சந்தேகம் நேரா அது மேலயே போகுது. இந்த மாதிரி நேரத்துல பண்ற நாலு தப்பு கீழ இருக்கு.

பேட்டரி போச்சுன்னு முடிவு பண்றது

இத பாத்தா எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வரும், ஏன்னா நானே பண்ணிருக்கேன். சேலம் அஸ்தம்பட்டில மெக்கானிக் வேலை கத்துக்கிட்ட புதுசுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கார், சாவி போட்டா டக் டக்னு மட்டும் சத்தம், புது பேட்டரி மாட்டினேன், ஸ்டார்ட் ஆச்சு, காசும் வாங்கிட்டேன். மூணாம் நாள் கோரிமேடு தாண்டி மறுபடி நின்னுருச்சு. போய் பாத்தா எர்த் ஒயர் (பேட்டரி நெகட்டிவ்லருந்து வர்ற ஒயர்) பாடில போல்ட் ஆகுற எடம் முழுக்க துரு. நான் பேட்டரி மாத்தும்போது ஒயர் அசைஞ்சு கொஞ்சம் காண்டாக்ட் கெடைச்சிருக்கு, அவ்ளோதான். நல்லா இருந்த பழைய பேட்டரி எக்ஸ்சேஞ்சுல போயிருச்சு, அவரோட பென்ஷன் காசு, திருப்பிக் குடுக்க எங்கிட்ட அப்ப இல்ல.

அதனால மொதல்ல பேட்டரியோட ரெண்டு முனைலயும் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்குற மீட்டர்) வைங்க. ராத்திரி சும்மா நின்ன வண்டில 12.6 வோல்ட் காட்டினா பேட்டரி ஃபுல் சார்ஜ். சாவிய திருப்பும்போது 9.6க்கு கீழ எறங்குச்சுன்னா பேட்டரிய சந்தேகப்படலாம். எறங்காம 11க்கு மேலயே நிக்குது ஆனா செல்ஃப் சுத்தலன்னா ஒயர், ரிலே, செல்ஃப் மோட்டார் பக்கம் போங்க. எர்த் பாக்க, மீட்டர்ல ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ் ஈயக் குமிழ் மேலயே வைங்க (கிளாம்ப் மேல வேணாம்), இன்னொன்ன இன்ஜின் இரும்புல, வேற ஒருத்தர சாவி திருப்பச் சொல்லுங்க. அர வோல்ட்டுக்கு மேல காட்டுச்சா, எர்த்ததான் தேய்க்கணும். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது கடைசில, இல்லன்னா ஸ்பேனர் பாடில பட்டு தீப்பொறி பறக்கும்.

விடாம சாவிய திருகுறது

ஒரு தடவைக்கு 10 செகண்ட் போதும். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி திருப்புங்க, இல்லன்னா செல்ஃப் மோட்டார் வெந்துரும்.

ஜம்பர் ஒயர மாத்திக் குடுக்குறது

வேற வண்டி பேட்டரிலருந்து ஜம்பர் ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது பிளஸ் மைனஸ் மாறிட்டா டைனமோ (பேட்டரிய சார்ஜ் பண்றது) டயோடு போயிரும்.

மலை எறக்கத்துல உருட்டி ஸ்டார்ட் பண்றது

சேலத்துலருந்து ஏற்காடு போற ரோடு 20 கொண்டை ஊசி வளைவு இருக்குற ரோடுங்க. இன்ஜின் ஓடலன்னா பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கெடையாது, ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிரும், ஸ்டியரிங்கும் கனத்துரும். வண்டிய ஓரங்கட்டி, எறக்கப் பக்கமா வீலுக்கு கல்ல வச்சுட்டு அடிவாரத்துலருந்து ஆள வரச் சொல்லுங்க.