ருசித்துச் சாப்பிட: வீட்டிலும் புதிய ஊரிலும்

ருசியான உணவு கிடைப்பது வேறு. கிடைத்த உணவை ருசித்துச் சாப்பிடுவது வேறு. முன்னது சமைப்பவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது, பின்னது சாப்பிடுபவரின் பசியையும் கவனத்தையும் பழக்கத்தையும் பொறுத்தது. வீட்டில் தட்டைப் பார்க்காமலேயே சாப்பிட்டு எழுந்துவிடுகிற ஒருவருக்கு, நெடுந்தூரம் பறந்துபோய் இறங்கிய ஊரில் மட்டும் திடீரென்று நாக்கு விழித்துக்கொள்ளாது. புதிய ஊரின் உணவை அனுபவிப்பதற்கான பயிற்சி வீட்டுச் சமையலறையில்தான் நடக்க வேண்டும் என்பதால், அங்கிருந்தே தொடங்குவோம்.

பசி ருசி அறியாது என்பார்கள். கடும்பசியில் எதுவும் அமுதம்தான். ஆனால் அப்போது நாம் மெல்லுவதில்லை, விழுங்குகிறோம். பசியே இல்லாதபோது எவ்வளவு நல்ல சமையலும் வாய்க்குள் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். வயிறு கேட்கத் தொடங்கியிருந்தும் இன்னும் அவசரப்படுத்தாத அந்த இடைப்பட்ட நேரமே சாப்பிட ஏற்றது. வேளைக்கு வேளை நடுவில் கொறிப்பதை நிறுத்தினாலே அது பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். வயிறு நிறைந்தது என்ற உணர்வு தெளிவாக எழ ஏறக்குறைய 20 நிமிடங்கள் ஆகும் என்பதால், பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவர் தேவைக்கு மேல் சாப்பிட்ட பிறகுதான் அதை அறிகிறார்.

ஒரே பண்டத்தைத் தொடர்ந்து சாப்பிடும்போது அதன் மீதான இன்பம் வாய்க்கு வாய் குறைந்துகொண்டே வரும், ஆனால் அதுவரை தொடாத வேறொரு பண்டத்தின் மீதான ஆசை அவ்வளவாகக் குறையாது என்பதை 1981இல் பார்பரா ரோல்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் சோதனை மூலம் காட்டினார்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் இனிப்புக்கு மட்டும் இடம் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆகையால் ஒரே பண்டத்தைக் குவித்து வைப்பதைவிட, மென்மையானது ஒன்று, மொறுமொறுப்பானது ஒன்று, புளிப்பானது ஒன்று எனக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சாப்பிடுவது நல்லது. சமையலில் எந்த மாற்றமும் செய்யாமல் சாப்பாட்டின் ருசியைக் கூட்டும் வழிகளில் இதைவிட எளிதானது எனக்குத் தெரியவில்லை.

நாக்கு தனியாக உணர்வது மிகக் கொஞ்சம்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டிய உமாமி என்னும் ஆழ்ந்த, நாவில் நிற்கும் சுவை. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. பழச்சுவை மிட்டாய் ஒன்றை மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டுச் சப்பிப் பாருங்கள். இனிப்பும் இலேசான புளிப்பும் தெரியுமே தவிர, அது எந்தப் பழம் என்று சொல்ல முடியாது. பிறகு மூக்கை விட்டுவிட்டு மூச்சை வெளியே விடுங்கள். அந்த நொடியிலேயே ஆரஞ்சோ திராட்சையோ தன் பெயரைச் சொல்லிவிடும். மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுவதால் இப்படி நிகழ்கிறது. வாயை மூடி மென்று மூச்சை மூக்கின் வழியாக மெல்ல வெளிவிட வேண்டும் என்ற பாடத்தை இந்தச் சிறு சோதனையைப் போல வேறெதுவும் கற்றுத் தராது.

அடுத்த பயிற்சி உப்பு. உப்பே போடாத காய்கறிச் சூப்பை மூன்று கிண்ணங்களில் ஊற்றுங்கள். முதல் கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதில் ஒரு சிட்டிகை உப்பும், மூன்றாவதில் அதே அளவு உப்போடு சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, வரிசையாகச் சுவைத்துப் பாருங்கள். முதலாவது மந்தமாகவும் சற்றே கசப்பாகவும் இருக்கும். இரண்டாவதில் அந்தக் கசப்பு அடங்கி, காய்களின் இயல்பான இனிப்பு மேலே வந்திருக்கும். உப்பு தன் சுவையைச் சேர்ப்பதோடு கசப்பை அமுக்கவும் செய்கிறது. மூன்றாவதில் உப்பு கூடியது போலத் தோன்றும், ஆனால் கூடியது புளிப்பு மட்டுமே. ஏதோ குறைகிறது என்று தோன்றும் போதெல்லாம் உப்பு டப்பாவைத் தேடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் பாதி வேளைகளில் குறைவது புளிப்பாகவோ, தக்காளி, காளான், முதிர்ந்த சீஸ் போன்றவை தரும் உமாமியாகவோதான் இருக்கும். சூட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். குளிரில் இனிப்பு மங்கும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான். ஆகவே குளிரவைத்துப் பரிமாறும் உணவைச் சூடாக இருக்கும்போது சுவை பார்த்து முடிவு செய்யாமல், பரிமாறும் பதத்தில் சுவைத்த பிறகே இறுதியாகச் சரிசெய்ய வேண்டும்.

வறுத்தலிலும் வதக்கலிலும் மணம் பிறப்பது நீர் வற்றிய பிறகுதான். வெங்காயத்தை வாணலியில் போட்டதும் எழும் சத்தம் அதிலுள்ள நீர் ஆவியாகும் சத்தம். அந்த நீர் இருக்கும் வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். சத்தம் தணிந்து, விளிம்புகள் பொன்னிறமாகி, அடியில் பழுப்புப் படலம் ஒட்டத் தொடங்கும்போது மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரியைத் தொட்டிருக்கும்; 1912இல் லூயி காமில் மெயார் விவரித்த வேதிவினை அங்கே வேகமெடுத்து, நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகிறது. வாணலி நிறையத் திணித்தால் ஆவி வெளியேற வழியின்றி எல்லாம் வெந்துபோகும், வறுபடாது. காய்களின் ஈரத்தைத் துடைத்துவிட்டு இரண்டு தடவையாகப் போட்டு வறுப்பதற்கு ஆகும் கூடுதல் நேரம் வீண்போகாது.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாக. தக்காளி குளிர்பதனப் பெட்டியில் மணத்தை இழக்கும், ரொட்டி அங்கே இன்னும் விரைவாகக் காய்ந்து விறைக்கும்; இரண்டையும் வெளியே வையுங்கள். சமைத்த சோறு இதற்கு நேர்மாறு. அரிசியில் இருக்கும் சில பாக்டீரியா வித்துகள் கொதியையும் தாங்கிவிடுவதாலும், வெதுவெதுப்பான சோற்றில் அவை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாததாலும், இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழே வைத்துவிட வேண்டும்.

புதிய ஊருக்குப் போகும் வழியில்

விமானத்தில் கிடைக்கும் உணவு சப்பென்று இருப்பதற்குச் சமையல்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்கு நிகராக வைக்கப்படுகிறது. காற்றின் ஈரப்பதமும் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. மூக்கு உலர்ந்து மணம் மங்குகிறது, இடைவிடாத இரைச்சலில் இனிப்பு குறைவாகத் தெரிகிறது, உமாமி மட்டும் தன் வலுவை இழக்காமல் நிற்கிறது. தரையில் தக்காளிச் சாற்றைத் தொடாதவர்கள்கூட அங்கே அதை விரும்பிக் கேட்பதற்கு இது ஒரு காரணம். தண்ணீரை அடிக்கடி குடித்து, அளவாகச் சாப்பிட்டு, பசியைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

போய்ச் சேர்ந்த முதல் நாளே துணிச்சலான உணவுகளில் இறங்க வேண்டாம் என்பதை வற்புறுத்திச் சொல்வேன். களைப்பிலும் குமட்டலிலும் முதன்முதலாகச் சாப்பிட்ட ஒன்றோடு அந்த உடல்நலக் கோளாறை மூளை சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். உண்மையான காரணம் பேருந்துப் பயணமாகவே இருந்தாலும் பழி உணவின் மேல் விழும். 1955இல் ஜான் கார்சியாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் எலிகளிடம் இதைக் கண்டறிந்தார்கள்: இனிப்பு நீரைக் குடித்த வேளையில் கதிர்வீச்சால் உடல் கெட்ட எலிகள் பிறகு அந்த இனிப்பையே வெறுத்தன. மனிதருக்கும் இது பொருந்தும், ஒரே தடவையில் ஏற்பட்ட வெறுப்பு ஆண்டுக்கணக்கில் நீடிக்கவும் கூடும். எனவே முதல் நாளில் எளிமையாக, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் அதே நேரத்தில் சாப்பிடுங்கள். நேர வேறுபாட்டால் குழம்பிய உடலும் அதனால் விரைவில் ஊரோடு ஒத்துப்போகும்.

இரண்டாம் நாள் காலையில் உணவகத்தைத் தேடுவதற்கு முன் சந்தைக்குப் போய் வாருங்கள். எது குவியலாகக் கிடக்கிறதோ, எதை வாங்குவதற்குப் பெண்களும் முதியவர்களும் நின்று பொறுக்கி எடுக்கிறார்களோ அதுவே அந்தப் பருவத்தின் பொருள். பின்னர் உணவுப் பட்டியலில் அந்தப் பொருள் இடம்பெறும் வரியைத் தேடினால் போதும். இடம் தேர்வதிலும் சில அடையாளங்கள் உதவும். பட்டியல் குறுகியதாக இருப்பதும், வேலைக்குச் செல்லும் உள்ளூர்வாசிகள் வந்து போவதும், ஆறிக் கிடக்காமல் உணவு தீரத்தீரப் புதிதாகச் சமைக்கப்படுவதும் நல்ல அறிகுறிகள். சுற்றுலாத் தலத்தின் வாசலிலேயே நின்று, பல மொழிப் பட்டியலை நீட்டி வழிமறித்து அழைக்கும் இடங்களைப் பெரும்பாலும் கடந்துபோகலாம். உள்ளே அமர்ந்த பின் இங்கே என்ன விசேஷம் என்று கேட்டால் விலை கூடியதைச் சொல்வார்கள். நீங்கள் இன்று எதைச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

உணவு மேசைக்கு வந்ததும் கைபேசியை எடுப்பதற்கு முன் பக்கத்து மேசையைக் கவனியுங்கள். எதை எதோடு சேர்க்கிறார்கள், எதைக் கடைசியில் சாப்பிடுகிறார்கள், மணத்துக்காகப் போட்ட எந்தத் துண்டை ஓரமாக ஒதுக்குகிறார்கள் என்பது அங்கே கண்முன் நடக்கும். மேசையில் இருக்கும் தொடுகறிகளை முழுத் தட்டின் மேலும் ஊற்றாமல், முதலில் உணவைத் தனியாக ஒரு வாய் சாப்பிட்டு, பிறகு ஒரு மூலையில் மட்டும் கலந்து பாருங்கள்; வீட்டில் மூன்று கிண்ணங்களை வைத்துச் செய்த பயிற்சி இங்கேதான் பயன்படும். பழகியது ஒன்றும் புதியது ஒன்றுமாகக் கேட்டு வாங்கினால் பட்டினி கிடக்கும் அச்சமின்றிப் புதியதைத் தொடலாம். முதல் வாயில் வியப்பே மிஞ்சும். பிடிக்கிறதா இல்லையா என்ற முடிவை மூன்றாம் வாய் வரை தள்ளிப்போடுங்கள். புதிய உணவு ஒன்றைக் குழந்தைகள் ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து தடவை வரை கூடத் தேவைப்படலாம். கசப்பானவற்றிலும் புளிக்கவைத்தவற்றிலும் பெரியவர்கள் அதைவிட மேலானவர்கள் என்று சொல்வதற்கில்லை. காரம் தாங்கவில்லை என்றால் தண்ணீர் உதவாது, ஏனெனில் மிளகாயின் கேப்சைசின் கொழுப்பில் கரையுமே தவிர நீரில் கரையாது. பாலோ தயிரோ கைகொடுக்கும்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

சைவ உணவு மட்டுமே உண்பவர், இதில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திக்கொண்டால் போதாது. துண்டுகள் இல்லை என்ற பொருளில் இல்லை என்று பதில் வரலாம். சாறு எதில் காய்ச்சியது, வதக்கிய கொழுப்பு எது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பொருளின் பெயரையும், சிறிதளவும் ஆபத்து என்பதையும் உள்ளூர் மொழியில் எழுதிய அட்டையைச் சமையலறை வரை அனுப்புவது பாதுகாப்பானது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலை உணவகங்கள் தர வேண்டும் என்பது 2014 டிசம்பர் முதல் சட்டம். எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை.

குடிநீரில் நம்பிக்கை இல்லாத ஊரில் ஐஸ் கட்டியும் கழுவிய பச்சைக் காய்களும் அதே தண்ணீரின் வேறு வடிவங்கள்தான். ஆவி பறக்கும் உணவும் நாமே தோல் உரிக்கும் பழமும் பொதுவாக ஆபத்தற்றவை. தண்ணீரைக் குமிழிகள் பொங்கக் கொதித்த பின் ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேலான இடங்களில் மூன்று நிமிடங்களும் கொதிக்க விடுங்கள். மீறி வயிறு கெட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் நீர்ச்சத்துப் பொடியும் இல்லை என்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். காய்ச்சலோ இரத்தமோ தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சாப்பிட்டது பிடித்திருந்தால் அன்றைக்கே நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: புளிப்பு எதிலிருந்து வந்தது, கொழுப்பு எது, எது மொறுமொறுப்பாக இருந்தது, எந்தச் சூட்டில் பரிமாறினார்கள். வீடு திரும்பி அதே பண்டத்தை அச்சு மாறாமல் செய்ய முயல்வதைவிட, இந்த நான்கில் ஒன்றை மட்டும் எடுத்து நம் வழக்கமான சமையலில் சேர்ப்பது அதிகம் பலன் தரும். தண்ணீரும் மாவும் மட்டுமன்றி, ஊரின் உயரமும் சுவையை மாற்றும். 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் அங்கே குடித்த தேநீரின் பதம் சமவெளியில் அப்படியே வராது. பொருள்களை வாங்கி வர விரும்புபவர்கள் இறைச்சி, பால் பொருள்கள், பச்சைப் பழங்கள், விதைகள் ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு என்பதை நினைவில் கொண்டு, பெட்டியில் இருப்பதைச் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். உலர்ந்த மசாலாப் பொருள்களை அரைக்காமல் முழுதாக வாங்கினால் மணம் நெடுநாள் நிற்கும்.