ஹோட்டல் ரூமில் வைஃபை படுத்தினால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

ரிசப்ஷனுக்குப் போன் செய்து வைஃபை வரவில்லை என்று சொன்னால் "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்பார்கள். சில சமயம் அதிலேயே சரியாகிவிடும், மறுக்கவில்லை. ஆகாதபோதுதான் இரவு முழுக்க போனை நோண்டிக்கொண்டு கிடக்கிறோம். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் செலவழித்துக் கோளாறு எந்த இடத்தில் என்று பார்த்துவிடுங்கள். இடம் மூன்றுதான்: உங்கள் போனுக்கும் ஹோட்டலின் வைஃபை பெட்டிக்கும் நடுவில், அல்லது ரூம் நம்பரும் ஓடிபியும் கேட்கும் லாகின் பக்கத்தில், அல்லது ஹோட்டலுக்கு வெளியிலிருந்து வரும் லைனில். முதல் இரண்டையும் பெரும்பாலும் நீங்களே சரி செய்துவிடலாம். மூன்றாவது உங்கள் கையில் இல்லை, அதோடு மல்லுக்கட்டாமல் உங்கள் சொந்த டேட்டாவுக்கு மாறிவிடுவது நல்லது.

வைஃபை செட்டிங்கில் அந்த ஹோட்டல் பெயரைத் தொட்டால் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் உங்கள் போனுக்குக் கொடுத்திருக்கும் எண்), கேட்வே (ஹோட்டல் ரூட்டரின் எண்) என்று இரண்டு எண்கள் தெரியும். முகவரி 169.254 என்று தொடங்கினாலோ, ஆண்ட்ராய்டு போனில் "ஐபி முகவரி பெறுகிறது" என்று நின்றுகொண்டே இருந்தாலோ, ரூட்டர் உங்களுக்கு முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். சின்ன லாட்ஜ்களில் வீட்டுக்கு வாங்கும் ரூட்டரைத்தான் மாடிக்கு ஒன்றாக மாட்டியிருப்பார்கள். அதில் பல மாடல்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே நூறு முகவரிக்குத்தான் செட் செய்யப்பட்டிருக்கும். முகூர்த்த நாளில் எல்லா ரூமும் நிரம்பி, ஆளுக்கு இரண்டு போன் வைத்திருந்தால் அது எந்த மூலைக்கு? காலையில் காலி செய்துவிட்டுப் போனவர்களின் போனுக்குக் கொடுத்த முகவரியும் பல மணி நேரம் அவர்கள் பேரிலேயே கிடக்கும். இதற்கு நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, ரிசப்ஷனில் சொல்லி அந்த மாடி ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

முகவரி ஒழுங்காக வந்திருக்கிறது, ஆனாலும் நெட் வரவில்லையா, லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து முதலில் கேட்வே எண்ணுக்கு ஒரு பிங் போடுங்கள், அதாவது ping என்று அடித்துப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் (பெரும்பாலும் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் எண்ணாக இருக்கும்), அப்புறம் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8க்கு ஒன்று. சில ஹோட்டல்களில் கேட்வே பிங்குக்குப் பதில் தராதபடி வைத்திருப்பார்கள், அது மட்டும் பேசாமல் மற்றதெல்லாம் ஓடினால் கவலை வேண்டாம். கேட்வே சில மில்லிசெகண்டில் சீராகப் பதில் தந்து 8.8.8.8 மட்டும் டைம் அவுட் ஆனால் கோளாறு ஹோட்டல் லைனில், அல்லது நீங்கள் இன்னும் லாகின் ஆகவில்லை. கேட்வே பதிலே 5, 300, 40, டைம் அவுட் என்று குதித்தால் சிக்னல் பிரச்சினை. இரண்டும் சுத்தமாக வந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வரைச் சந்தேகப்படுங்கள், 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம்.

சிக்னல் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான ஹோட்டல்களில் வைஃபை பெட்டி இருப்பது ரூமுக்குள் இல்லை, வராந்தா சீலிங்கில். கதவைத் திறந்ததும் பக்கத்திலேயே பாத்ரூம், அதன் டைல்ஸ், பைப், ஆளுயரக் கண்ணாடி எல்லாம் தாண்டித்தான் சிக்னல் கட்டிலுக்கு வர வேண்டும். ஜன்னலோரம் மேஜை போட்டிருக்கிறார்களே, வேலை செய்ய வசதியாக, வைஃபைக்கு அதைவிட மோசமான இடம் அந்த ரூமில் கிடையாது. நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். வைஃபை அனலைசர் வகை ஆப் இருந்தால் சிக்னல் பலத்தை டிபிஎம் கணக்கில் காட்டும், மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூட சிக்னல் மோசம்: மைனஸ் 65 வரைக்கும் வீடியோ கால் ஓடும், மைனஸ் 80ஐத் தாண்டினால் வாட்ஸ்அப் மெசேஜ் போவதே பெரிய விஷயம்.

ஒரே ஹோட்டல் பெயரில் இரண்டு வைஃபை காட்டி ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருந்தால், அது சிம் கார்டு 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ். வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். கதவருகே உட்கார்ந்தால் அதைப் பிடியுங்கள், கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பதென்றால் மற்றதைப் பிடியுங்கள். இன்னொன்று, லாபியில் கனெக்ட் ஆன போன் லிஃப்டில் ஏறி நாலாவது மாடி வந்தும் லாபி பெட்டியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். ரூமுக்கு வந்ததும் வைஃபையை அணைத்துப் போட்டால் பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கும். ரிசப்ஷன்காரர் சொல்கிற ஆஃப்-ஆன் வைத்தியம் பலிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது லாகின் பக்கம். என் கணக்கில் "வைஃபை வரல" புகாரில் பாதிக்கு மேல் இதுதான், சிக்னல் முழுசாக இருக்கும், நெட் மட்டும் இருக்காது. போன் வைஃபையில் சேர்ந்ததும் ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தட்டிப் பார்க்கும், எதிர்பார்த்த பதில் வராமல் வேறு பக்கம் வந்தால் "லாகின் செய்யவும்" என்று அறிவிப்பு காட்டும். இந்த ஏற்பாட்டை நம்முடைய செட்டிங்குகளே கெடுத்துவிடும். விபிஎன் (உங்கள் நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று இருக்கிறது, விளம்பரம் தடுக்க யாரோ சொன்னார்கள் என்று அதில் ஒரு பெயரைப் போட்டு வைத்து நாமே மறந்திருப்போம், அதை 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாற்றுங்கள். மொபைல் டேட்டாவையும் கொஞ்ச நேரம் அணையுங்கள், இல்லாவிட்டால் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும், லாகின் பக்கம் வரவே வராது.

இதற்கும் மசியவில்லை என்றால் பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் (neverssl.com) என்ற தளத்தை அடியுங்கள். கூகுளையோ பேங்க் தளத்தையோ அடித்தால் அவை எச்டிடிபிஎஸ் என்கிற பூட்டுப் போட்ட தளங்கள் என்பதால் ஹோட்டல் சிஸ்டம் நடுவில் புகுந்து தன் பக்கத்தைக் காட்ட முடியாது, எர்ரர்தான் வரும். இந்தத் தளம் பூட்டில்லாத சாதா எச்டிடிபியில் இருக்கிறது, அதனால் லாகின் பக்கம் குதித்து வரும். கேட்வே எண்ணையே அட்ரஸ் பாரில் அடித்தாலும் சில இடங்களில் வரும்.

இந்திய ஹோட்டல்களில் ஓடிபி கேட்பதற்குக் காரணம் உண்டு. 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது நவி மும்பையில் ஒருவருடைய பூட்டாத வைஃபை வழியாக மிரட்டல் மெயில் போனது, அதற்குப் பின் 2009ல் தொலைத்தொடர்புத் துறை, பயன்படுத்துவது யார் என்று தெரிய வேண்டும் என்று வைஃபைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், வெளிநாட்டு நம்பருக்குப் பல இடங்களில் ஓடிபி வராது. ரிசப்ஷனில் பாஸ்போர்ட் காட்டி யூசர் ஐடியோ கூப்பனோ கேட்டால் பல இடங்களில் தருவார்கள்.

நேற்று ஓடியது இன்று மறுபடி லாகின் கேட்கிறதா? ஹோட்டல் சிஸ்டம் உங்கள் கருவியை அதன் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியின் வைஃபைக்கும் இருக்கும் தனி அடையாள எண்) வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் பாதுகாப்புக்காகப் பொய் மேக் முகவரியைக் காட்டும். அது மாறிவிட்டால் புது ஆள் என்று நினைத்து லாகின் கேட்கும், 'ரூமுக்கு இரண்டு கருவிதான்' என்கிற கணக்கிலும் ஒன்றைத் தின்றுவிடும். அந்த ஹோட்டல் வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்து வையுங்கள். கருவிக் கணக்கு பத்தவில்லை என்றால் விண்டோஸ் லேப்டாப்பில் லாகின் செய்து, அதிலிருக்கும் மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாக மற்றவர்களுக்குப் பகிரலாம், டிவியில் செருகும் ஃபயர் டிவி ஸ்டிக்கும் போனும் ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சேர்வதற்கும் இதுதான் சுலபமான வழி.

லைனே மோசம் என்றால், ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எல்லா ரூமிலும் படம் ஓடும், அப்போது ஒன்றும் நடக்காது. பெரிய ஃபைல் அனுப்ப வேண்டுமானால் விடிகாலையில் எழுந்து அனுப்புங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் இடைவெளியில் யுபிஎஸ் இல்லாத ரூட்டர் அணைந்து எழும், மூன்று நான்கு நிமிடம் பொறுக்க வேண்டும். மேஜைக்குப் பின்னால் லான் போர்ட் (நெட் கேபிள் செருகும் துளை) இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரு கேபிள் பையில் கிடந்தால் எப்போதாவது உதவும். டிவிக்குப் போகும் வயரைக் கேட்காமல் பிடுங்காதீர்கள். இல்லாவிட்டால் சொந்த ஹாட்ஸ்பாட்தான். அமெரிக்காவில் நாஷ்வில்லில் மாரியட் நடத்திய ஒரு ஹோட்டலில் விருந்தினர்களின் ஹாட்ஸ்பாட்டையே முடக்கியதற்காக 2014ல் அந்நிறுவனம் 6 லட்சம் டாலர் அபராதம் கட்டியது, ஆகவே அங்கே யாராவது தடுத்தால் தயங்காமல் கேளுங்கள்.

ரிசப்ஷனில் பேசும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், அதற்கு ரெடிமேட் பதில் வைத்திருப்பார்கள். "412ல இருக்கேன், ஐபி வந்திருக்கு, லாகின் ஆயிடுச்சு, கேட்வே பிங் ஆகுது, வெளியதான் போகல, உங்க லைனைப் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லுங்கள், ஐடி பார்க்கிற ஆளுக்கு அப்படியே போகும். சிக்னல்தான் குறை என்றால் நேராக ரூம் மாற்றிக் கேளுங்கள், வராந்தா சீலிங்கில் வெள்ளைப் பெட்டி எந்த ரூம் வாசலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அந்த நம்பரையே கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு வைஃபை தெரிந்தால் எது நிஜம் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். லாகின் ஆனதும் ஏதாவது சாஃப்ட்வேரை அப்டேட் செய்யச் சொல்லி எட்டிப் பார்த்தால் தொடாதீர்கள், 'டார்க்ஹோட்டல்' என்று 2014ல் ஆன்டிவைரஸ் கம்பெனியான காஸ்பர்ஸ்கி வெளிப்படுத்திய ஹேக்கர் கும்பல் ஹோட்டல் வைஃபையில் ஆளைப் பிடித்தது அந்த வழியில்தான். அப்டேட்டை வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம்.