பிள்ளை கதைக்கப் பிந்தினால் முதலில் காதைப் பாருங்கள்

"அவன்ரை தகப்பனும் 3 வயசிலதான் கதைச்சவர்." கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் புதிதாக வந்த குடும்பங்களில் பெரியவர்கள் இப்படிச் சொல்லித் தேற்றுவதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இங்கே பிறக்கும் குழந்தைகளின் கேட்கும் திறனை இலவசமாகச் சோதிக்கிறார்கள், பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகுமுன்பே. நித்திரையிலேயே முடிந்துவிடும், நோவு இல்லை. 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் குறைபாடு உண்டா என்ற முடிவு, 6 மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பதே இலக்கு. ஊரில் பிறந்து உங்களோடு வந்த பிள்ளையைச் சோதித்திருக்கிறார்களா? இல்லையென்றால், குடும்ப வைத்தியரிடம் முதல்முறை போகும்போதே ஓடியோலொஜிஸ்ட்டிடம் (செவிப்புல நிபுணரிடம்) அனுப்பும்படி நீங்களாகக் கேளுங்கள்.

வீட்டில் கைதட்டிப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். கை அசைவது கண்ணில் பட்டாலும் பிள்ளை திரும்பும். கதவு அடிபடும் சத்தம் கேட்கிற பிள்ளைக்கு 'ச' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். பேச்சு அங்கேதான் தடக்குப்படுகிறது.

குறைபாடு உறுதியானால், மாகாண அரசின் குழந்தைகள் செவிப்புலத் திட்டம் முதலாம் வகுப்புவரை கூட வரும். செவிப்புல நிபுணரும் மொழிப் பயிற்சியும் மட்டுமல்ல, பெற்றோருக்குத் துணையாக ஒரு பணியாளரும் கிடைப்பார். பேச்சு மொழியா, சைகை மொழியா, இரண்டுமா என்று தீர்மானிப்பது நீங்கள்தான். ஹியரிங் எய்ட் விலையில் 75 வீதத்தை, ஒரு காதுக்குக் கூடியது 500 டொலர்வரை, அரசின் உதவிச் சாதனத் திட்டம் கொடுக்கும். அதற்குச் சுகாதார அட்டை வேண்டும்.

பிள்ளை வளர வளர, கருவியைக் காதில் பொருத்தும் காது அச்சு பத்தாமல் போய்க் கருவி கீச்சிடும். பழுதென்று கழற்றி வைத்துவிடாதீர்கள், புது அச்சு எடுப்பியுங்கள். கருவியின் பற்றரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.

சந்திப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். 10 வயது அக்காவை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். தம்பிக்குக் காது கேளாது என்ற செய்தியைத் தாய்க்குச் சொல்லும் பாரம் அவளுக்கு வேண்டாம்.

"இனி வீட்டில் இங்கிலிஷ் மட்டும் கதையுங்கோ" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த அறிவுரைதான். பேச்சு மொழியைத் தெரிந்தெடுத்தால், உங்களுக்குச் சரளமாக வரும் மொழிதான் பிள்ளைக்கு நிறையக் கிடைக்கும். அம்மம்மாவும் சேர்ந்து கதைக்கலாம். ரிவியை நிற்பாட்டிவிட்டு, கிட்ட இருந்து, முகத்தைப் பார்த்து, சோறு தீத்தும்போதும் குளிக்க வார்க்கும்போதும் தமிழில் கதையுங்கள்.