விழித்திரைப் படம் உங்கள் போனிலும் இருக்கட்டும்

சர்க்கரைக்காரர்கள் வருடம் ஒருமுறை விழித்திரைப் (கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் ரெட்டினா) பரிசோதனைக்குப் போகும்போது, எடுத்த படத்தை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் கேட்டு போனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்கள் ஒரு வருடம் பாலக்காடு, அடுத்த வருடம் கோயம்புத்தூர் என்று மாறிமாறிப் போவது வழக்கம்தானே. பழைய படம் இந்தப் பக்கம், டாக்டர் அந்தப் பக்கம் என்றாகிவிடும்.

சர்க்கரையால் விழித்திரை கெடத் தொடங்கும்போது வலி இருக்காது, பார்வையும் நன்றாகவே தெரியும். படத்தில் சிவந்த பின்னணியில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள்தான் முதல் அடையாளம். அவை புதிதா, போன வருடமே இருந்தவையா என்பது பழைய படத்தோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளைத்தாள் பிரிண்ட் எதற்கும் உதவாது. பெயரை ‘வலது, 2025’ என்று மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் கல்யாணப் போட்டோக்களுக்கு நடுவே தேட வேண்டியதுதான்!

பழைய படம் இருக்கிறதே என்று புதுப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. கண்புரை முற்றியிருந்தால் படமே மங்கலாகத்தான் வரும். திடீரென்று மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல மறைத்தாலோ படம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்புறம், பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.