ஜேர்மனியில் வணிகம் படிக்கப் போகிறீர்களா? முதலில் மாநிலத்தைப் பாருங்கள்

சர்வதேச வணிகம் படிக்க ஜேர்மனியை யோசிப்பவர்கள், பம்பலப்பிட்டியில் முகவருக்குப் பணம் கட்டுமுன் ஜேர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) இணையத்தளத்தின் பாடநெறித் தேடலில் ஆங்கில வழி, கட்டணம் இல்லாதது என்ற இரண்டையும் தெரிவுசெய்து பாருங்கள். அங்கே அரச பல்கலைக்கழகக் கட்டணத்தை மாநிலங்கள்தான் தீர்மானிக்கின்றன. பாடன்-வூர்ட்டம்பர்க்கில் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். நான்கு செமஸ்டருக்கு 6,000. பக்கத்து மாநிலமான ஹெசனின் அரச பல்கலைக்கழகங்களில் பொதுவாக மாணவர் சேவைகளுக்கான செமஸ்டர் பங்களிப்புப் பணம் மட்டும்தான். நம் பெற்றோருக்கு அந்த 6,000 யூரோ எவ்வளவு பெரிய தொகை!

எம்.பி.ஏ.க்கும் தனியார் கல்லூரிகளுக்கும் இந்தக் கட்டணமில்லாக் கணக்கு பொருந்தாது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது. அப்புறம், விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம் எந்த மாநிலத்துக்குப் போனாலும் வேண்டும்.