ரோமானிய ஒப்பந்தங்களைப் பிரித்தறிய ஒரே கேள்வி

ரோமானியச் சட்டத்தில் எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாலும், "எது நடந்ததும் கடப்பாடு பிறந்தது?" என்று முதலில் கேளுங்கள். பொருளைக் கொடுத்ததாலா, சொன்ன சொல்லாலா, எழுத்தாலா, வெறும் சம்மதத்தாலா? பெரும்பாலும் நான்கில் ஒன்றுதான் விடை.

2-ஆம் நூற்றாண்டில் ரோமானியச் சட்ட அறிஞர் கையுஸ் தன் பாடநூலில் பிரித்ததே இப்படித்தான் என்பதால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கடன் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது, காசு கைமாற வேண்டும். விற்பனை அப்படியல்ல: குதிரையும் விலையும் பேசி முடிந்தாலே இருவரும் கட்டுப்பட்டார்கள், குதிரை இன்னும் லாயத்தில் நின்றாலும் சரி. 1804-ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1583-ஆம் பிரிவு இதே சம்மதத்தைப் பிடித்துக்கொண்டு, பொருளின் உரிமையும் அப்போதே வாங்குபவருக்கு மாறிவிடும் என்று ஒரு படி மேலே போனது. ரோமில் அதற்குப் பொருளை ஒப்படைப்பது போன்ற தனிச்செயல் வேண்டும். தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான்.

பண்டமாற்றுக்கு இந்தக் கேள்வி உதவாது. அதில் ஒருவர் தன் பங்கைக் கொடுத்த பிறகே மற்றவர் கட்டுப்படுவார், ஆனாலும் அது நான்கு வகைகளில் சேராது. திருட்டு, சேதம் போன்ற தீங்குகளுக்கும் பொருந்தாது. அவை ஒப்பந்தமே இல்லை.